கேத்தல் போட்டு வாங்கிய எக்கோ பெட்டி

திருவிழா மேடையில கிட்டார் வாசிக்க ரெண்டு கை போதும்னு நினைக்கிறவங்க, மேடைக்குக் கீழேயே இருந்தவங்க. கிட்டார் சத்தத்தை மாத்தக் கால்ல மிதிக்கிற பெட்டி அஞ்சை ஒயரால கோத்துக்கிட்டு, எது கரகரங்குதுன்னு குனிஞ்சு தேடின சகோதரர்களே, உங்களுக்குத்தாங்க இது. தொண்ணூறுகள்ல ஹட்டன்ல ஒரு இசைக்குழுவில நானும் அப்படிக் குனிஞ்சவன்தான்.

ராகலையில் ரேடியோ

ராகலைத் திருவிழாவில அன்னைக்கு நல்ல பனி. மேடையெல்லாம் ஈரம். பாட்டு நடுவுல என் பெட்டிங்க கொர்ருன்னு இரைய ஆரம்பிச்சிருச்சு. ஒண்ணை மிதிச்சா இன்னொண்ணு கத்துது. குழுத் தலைவர் செல்வம் அண்ணன் புதுசா கீபோர்டு வாங்கியிருந்த நேரம். "கீபோர்டுக்குள்ளயே கிட்டாரு இருக்கு தம்பி. வட்டவளைத் திருவிழாவுக்குள்ள உன் சத்தத்தைச் சரி பண்ணு. இல்லாட்டி நீ கேக்குறவங்க பக்கம் உக்காந்துக்க"ன்னுட்டாரு. எனக்கு வாசிக்கிறதைத் தவிர வேற சந்தோசம் கிடையாது. அவர் சொன்னதாவது பரவாயில்ல, முன்வரிசையில இருந்த ஒரு அக்கா கேட்டதுதான் தாங்கல:

"தம்பி, அந்த ரேடியோவைக் கொஞ்சம் நிப்பாட்டிட்டு வாசிக்கிறீங்களா?"

கொழும்புக் கடை

எக்கோ, கோரஸ், டிஸ்டோர்ஷன் எல்லாம் ஒண்ணுக்குள்ள அடங்கின தட்டையான பெட்டி, ரெண்டு பக்கமும் திருகாணி போட்டு ரேக்குங்கிற சட்டத்துல மாட்டுறது, அதைத் தேடிக் கொழும்புக்குப் போனேன். ஊர்ல எங்களுக்கு எல்லாமே 'எக்கோ பெட்டி'தான். கடையில ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல எண்ண முடியாத சத்தம், கண்ணைப் பறிக்கிற லைட்டு. மத்தது சாதுவா இருந்துச்சு. காதுக்கு முதலாவதுதான் தேன். ஆனா எங்க தோட்டங்கள்ல கோயிலுக்கும் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கும் ஒரே கரண்ட் லைன். ஸ்டோருல மிசினு ஓடினா கோயில் பல்பு மங்கிரும்.

கடைக்கார ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். அவர்கிட்ட, "ஐயா, இதே பிளக்குல தண்ணி சுட வைக்கிற கேத்தலையும் போடுங்க, இஸ்திரிப் பெட்டியையும் போடுங்க"ன்னேன். நல்ல மனுசன், போட்டாரு. கடை பல்பு மங்கிச்சு. மினுக்குன பெட்டி பொட்டுன்னு அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சுது. சாது அசையல. "இதைக் குடுங்க ஐயா"ன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தாரு:

"தம்பி, நீர் பெட்டி வாங்க வந்தனீரோ, தேத்தண்ணி குடிக்க வந்தனீரோ?"

குடிச்சிட்டுத்தான் வந்தேன். அவர் நல்லா இருக்கணும்.

பலகைப் பெட்டி

மாட்டுறதுக்கு ரேக்கு? ஸ்டோருல தச்சு வேலை பார்த்த ராஜு மாமா ஒரு பழைய தேயிலைப் பெட்டியை அறுத்து, உள்ளே மரச்சட்டம் அடிச்சு, திருகாணி போட்டுக் குடுத்தாரு. ஈயத்தாளு உள்ளேயே இருந்துச்சு. பனி உள்ள போகல. திறந்தா கமகமன்னு தேயிலை வாசம். மாமா தட்டிப் பார்த்துச் சிரிச்சாரு:

"கணக்கப்பிள்ளைகிட்ட காட்டிராதடா, தேயிலைன்னு எடை போட்டுருவாரு!"

வட்டவளை

பொழுது சாயுற நேரம், கூட்டம் நிறைஞ்சிருக்கு. ரெண்டாவது பாட்டுல ஸ்டோரு மிசினு கெளம்பிச்சு. பல்பெல்லாம் மங்கிச்சு. ஆம்பிளிஃபயர் முனகிச்சு, ஆனா நிக்கல. கீபோர்டு மட்டும் ஊமையாயிருச்சு. செல்வம் அண்ணன் பொத்தானை அமுக்குறாரு, அமுக்குறாரு, ஒண்ணும் வரல. பாடுற மேரி அக்கா பதறிப்போய் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் தேயிலைப் பெட்டியைப் பார்த்தேன். சிவப்பு லைட்டு அப்படியே நிக்குது. எக்கோவைக் கூட்டி, கோரஸைப் போட்டு, கீபோர்டு வாசிக்க வேண்டியதையும் நானே வாசிச்சேன். அக்கா ஒரு வரிகூட விடல. பாட்டு முடிஞ்சு கைதட்டுனப்போ எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க.

அண்ணன் வந்து தோள்ல கை போட்டாரு:

"கீபோர்டுக்குள்ள கிட்டாரு இருக்குன்னு சொன்னேன்ல தம்பி, அது பொய்யி. கிட்டாருக்குள்ளதான்டா கீபோர்டு இருக்கு!"

இன்னைக்கும் எந்த எக்கோ பெட்டி நல்லதுன்னு யாராச்சும் கேட்டா, அந்தக் கடைக்கார ஐயாவை மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டு நான் கேக்குற மொதக் கேள்வி, "கடையில கேத்தல் இருக்கா?"