கைப்பிடிச் சுவருக்குப் பதில் ஒரு கோடு

மைசூர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புக் குழுவில் இருந்தேன். ஹெல்மெட் போடாதவனைப் பிடிப்பது, எண்ணெய் கொட்டிய இடத்தில் மணல் போடச் சொல்வது, மாதம் ஒருமுறை தொழிலாளர்களை உட்காரவைத்து விபத்து எப்படி வருகிறது என்று விளக்குவது, இதுதான் வேலை. நன்றாகவே விளக்குவேன். அந்த நாட்களில் என் வீட்டு மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது.

அதற்குக் காரணம் இருந்தது. தொண்ணூறுகளில் மைசூரில் வீடு கட்டிய எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள், வீடு முடிந்துவிட்டது என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தூண் கம்பிகளை மேலே நீட்டியபடி விட்டுவிடுவோம். அடுத்த தளம் வரப்போகிறது என்று அர்த்தம். ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் மேஸ்திரியும் அதையேதான் சொன்னார்.

"அடுத்த வருசம் மாடி எடுக்கறப்ப இடிக்கத்தானுங்க போறோம்? இப்பக் கட்டி எதுக்குங்க?"

எனக்கு அது மகா அறிவான பேச்சாகப் பட்டது. அப்புறம் அடுத்த வருசம் நான்கு முறை வந்து போயிற்று. கம்பிகள் துருப்பிடித்தன. என் மனைவி அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

மகளுக்கு மூன்று வயதானபோது, மாடியைச் சாயங்காலம் உட்காரும் இடமாக மாற்றலாமே என்று எனக்குத் தோன்றியது. பிரம்பு நாற்காலி இரண்டு, பூந்தொட்டி நாலு.

"முதல்ல சுவத்தக் கட்டுங்க" என்றாள் மனைவி.

அவளுக்கு விஷயம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருப்போம். அதைத் தாண்டி யாரும் கால் வைக்கமாட்டார்கள். மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கிவந்து, விளிம்பிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, நூல் பிடித்துக் கோடு போட்டேன். முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் முடிந்தபோது பெயின்ட் தீர்ந்துவிட்டது. பின்பக்கம் யார் போகப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். பக்கவாட்டுக் கோடுகள் இரண்டும் நேராகப் பின்பக்க விளிம்புவரை போய் நின்றன.

"சும்மா ஒரு கோடு போட்டா ஆயிடுமா?" என்றாள் மனைவி.

"பழகிடும். டிசிப்ளின்தான் முக்கியம்."

கோட்டைத் தாண்டக் கூடாது என்று குழந்தைக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தேன். அடுத்த வாரம் ஒருநாள் சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். மகள் இரண்டு கைகளையும் விரித்து, தலையைக் குனிந்து, கோட்டின் மேலேயே அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தியா? ஒரு அங்குலம்கூடத் தாண்டல" என்றேன், கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

மனைவி குழந்தையின் காலைப் பார்க்கவில்லை. கோடு எங்கே போகிறது என்று பார்த்தாள். கூச்சல் போடவில்லை, கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்த்துத் தடுமாறும். கையிலிருந்த துணியைக் கீழே விட்டுவிட்டு, சத்தமில்லாமல் விரைந்துபோய்ப் பின்னாலிருந்து அள்ளி எடுத்தாள். விளிம்புக்கு இன்னும் இரண்டடிதான் இருந்தது. கீழே பக்கத்து வீட்டுத் துவைகல்.

நான் எழுந்திருக்கக்கூட இல்லை. காபி வேட்டியில் கொட்டியது. சொன்ன பேச்சைக் கேட்டதால்தான் குழந்தை அங்கே போனாள் என்பது புரிந்தபோது வெட்கத்தில் குறுகிப்போனேன்.

மனைவி மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். மறுநாள் காலையில் அவளே ஆள் அனுப்பி மேஸ்திரியை வரவழைத்தாள். அவர் கம்பிகளைப் பார்த்துவிட்டு, "மாடி எடுக்கறப்ப..." என்று ஆரம்பித்தார்.

"மாடி வர்றப்போ வரட்டும். நீங்க இன்னைக்கே கல்லு இறக்குங்க."

"எவ்வளவு ஒசரமுங்க வைக்கட்டும்?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "விதிப்படி பாத்தா மூணரை அடி..." என்றேன்.

"கொழந்தைக்கு மூணரை அடி போதும்" என்றாள் மனைவி. "இவருக்கு எவ்வளவு வேணும்னு கேட்டுக்குங்க."

மேஸ்திரி அளவு நாடாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நாலடி என்றேன்.