வலி இல்லாதவர்களைத் தேடிய விண்ணப்பம்

அம்சவேணிக்கு அந்த மின்னஞ்சல் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. வேலூரில் அவள் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மருத்துவமனையின் முதுகெலும்புப் பிரிவில், இரண்டு நோயாளிகளுக்கு நடுவே கிடைத்த ஐந்து நிமிடத்தில் அதைத் திறந்து பார்த்தாள். ஆராய்ச்சி நிதி கேட்டு அவள் அனுப்பியிருந்த விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். கூடவே மூன்று மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் இருந்தன. முதல் இரண்டும் அவள் எதிர்பார்த்தவைதான்: ஆய்வில் புதுமை போதாது, கால அட்டவணை தெளிவாக இல்லை. மூன்றாமவர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'இந்த 212 பெண்களும் வலி வந்ததால் மருத்துவமனைக்கு வந்தவர்கள். வராதவர்களைப் பற்றி விண்ணப்பதாரருக்கு என்ன தெரியும்?'

ஒன்றும் தெரியாது. அதுதான் சுருக்கென்றது.

பள்ளிகொண்டாவில் பிறந்து, வேலூரிலேயே படித்து, பதினான்கு வருடமாக அதே பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காரும் பெண்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாரத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். ஸ்டூல் எவ்வளவு உயரம், எந்தக் காலால் பெடலை மிதிக்கிறாய், ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி என்று கேட்டுக் கேட்டு 212 பேரின் விவரத்தை எழுதி வைத்திருந்தாள். ஸ்டூல்தான் குற்றவாளி என்பது அவள் முடிவு. சாய்மானம் வைத்த நாற்காலி கொடுத்துப் பார்க்கலாம் என்பதுதான் விண்ணப்பத்தின் சாரம். டாக்டர்கள் மட்டுமே இந்த மாதிரி நிதிக்கு எழுதுவார்கள் என்று நினைத்திருந்தவளை, 'நிரந்தர ஊழியர் யார் வேணும்னாலும் எழுதலாம்' என்று கிளப்பிவிட்டவர் பிரிவின் தலைவர் டாக்டர் டேனியல்.

அன்று சாயங்காலம் அவர் அறைக்குப் போனாள்.

"விடுங்க அம்சவேணி. எனக்கே நாலு தடவ திருப்பி அனுப்பியிருக்காங்க" என்றார் டேனியல்.

"அதுக்கு வரல சார். அவர் கேட்டது சரியாத்தான் இருக்குது. வலி வராதவங்கன்னு யாராச்சும் இருக்காங்களா சார்?"

டேனியல் சிரித்தார். "நான் எங்க பார்த்தேன்? நம்மகிட்ட வர்றவங்க எல்லாம் வலின்னு தானே வர்றாங்க."

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினாள். அவள் போன கம்பெனியில் பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் சுஹேல் அகமது மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். ஆனால் விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"இது கம்ப்ளெயின்ட்டா போய் முடிஞ்சிடாதுல்ல மேடம்? வெளிநாட்டுக்காரங்க ஆடிட் வருது. அப்புறம் எனக்குத்தான் பேஜாரு."

"முதுகு நோவுறவங்கள நான் தேடி வரல சார். நல்லா இருக்கறவங்களத்தான் தேடி வந்திருக்கேன்."

அவர் அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு கோரிக்கையோடு யாரும் அந்த வாசற்படி ஏறியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரை மணி பேசிக்கொள்ளலாம், பிறகு ஓரமாக நின்று லைனைப் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார்.

அந்த லைனில் நாற்பத்தாறு பெண்கள். டாக்டரிடம் காட்டும் அளவுக்கு வலி வந்தவர்கள் பத்தொன்பது பேர். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டுச் சமாளிப்பவர்கள் இருபது பேர். இந்த இருபது பேர் மருத்துவமனைப் பக்கமே வந்ததில்லை. அவள் கணக்கில் இத்தனை வருடமாக அவர்கள் இல்லவே இல்லை. மீதி ஏழு பேர், வலியா, அப்படியென்றால் என்ன என்று கேட்கிறவர்கள். அந்த ஏழில் மூத்தவள் மாதனூர் பாக்யலட்சுமி. இருபத்தோரு வருடமாக அதே மெஷின்.

"அதுக்கு இரும்பு முதுகு மேடம்" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"கண்ணு வெக்காதடி" என்று அவளை அதட்டிவிட்டு, பாக்யலட்சுமி அம்சவேணியைச் சந்தேகமாகப் பார்த்தாள். "நோவு இல்லன்னு சொன்னா இன்னா செய்வீங்க? டார்கெட்ட ஏத்தச் சொல்லுவீங்களா?"

"நான் ஆஸ்பத்திரி ஆளுக்கா. கம்பெனி ஆளு இல்ல. எப்படி நோவு இல்லன்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்."

உயரம் கேட்டாள். எல்லோரையும் போலத்தான். வயலில் வேலை செய்கிறாளா? இல்லை. ஸ்டூலும் அதே ஸ்டூல்தான். மூன்று ஊகமும் அங்கேயே விழுந்தன. சாப்பாடு முடிந்து மெஷின்கள் ஓடத் தொடங்கியதும் அம்சவேணி தூணோரம் போய் நின்றாள்.

ஒரு மணி நேரம் பார்த்தபிறகு ஒன்று கண்ணில் பட்டது. தைத்து முடித்த ஷூ மேல்பாகங்களைக் கட்டாகக் கட்டி எல்லோரும் பக்கத்தில் வைத்தார்கள். ஆள் வந்து எடுத்துப் போனான். பாக்யலட்சுமி மட்டும் ஒவ்வொரு கட்டையும் தானே எழுந்து கொண்டுபோய்க் கடைசியில் இருந்த செக்கிங் டேபிளில் வைத்துவிட்டு வந்தாள். அங்கே கமலம் என்ற பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினாள். சிரித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். மணிக்கு நாலு தடவை.

"ஏன்க்கா நீங்களே கொண்டு போறீங்க?"

"கமலம் என் தோஸ்து. ஒரே நாள்ல வேலைக்குச் சேர்ந்தோம். மொதல்ல சூப்பர்வைசர் திட்டினாரு. டார்கெட் கம்மியாவலன்னதும் உட்டுட்டாரு."

அம்சவேணிக்குக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மனசு குதித்தது. அந்தக் குதிப்பு அதிக நேரம் நீடிக்கவில்லை. ஏழு பேரில் இன்னொருத்தியான சவுரியம்மாளைப் பார்க்கத் திரும்பினாள். பதினேழு வருடம் மெஷினில் இருப்பவள், வலி என்பதே அறியாதவள். அவள் நட்டு வைத்த கல் மாதிரி உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை. ஒரு மணி நேரம் நின்று பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அம்சவேணி தனக்குள் சிரித்துக்கொண்டாள். ஒருத்தி எழுந்து எழுந்து நடக்கிறாள், நோவு இல்லை. ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை, அவளுக்கும் நோவு இல்லை. விடை கிடைக்காததில் இத்தனை சந்தோஷம் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது விண்ணப்பம் எழுத ஏழு மாதம் ஆயிற்று. நாற்காலி யோசனையைத் தூக்கிப் போட்டாள். முந்நூறு பெண்களை எடுத்துக்கொள்வது, இடுப்பில் தீப்பெட்டி அளவு அசைவுக் கருவி ஒன்றைக் கட்டி ஒரு வார வேலை நேரத்தைப் பதிவது, வலி உள்ளவர்களோடு இல்லாதவர்களை ஒப்பிடுவது என்று புதிதாக எழுதினாள். டேனியல் சிவப்பு மையால் திருத்தித் திருத்திக் கொடுத்தார். மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒரு நிபந்தனை போட்டது: யாருடைய பதிவும் கம்பெனி கைக்குப் போகக் கூடாது.

வீடியோவில் நடந்த நேர்காணலில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நோயே இல்லாதவர்களுக்கு முதுகெலும்பு மருத்துவ நிதி எதற்கு என்று ஒருவர் கேட்டார். அம்சவேணியின் ஆங்கிலம் பாதியில் தடுக்கியது. ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள்: ஒரே ஸ்டூல், ஒரே மெஷின், ஒரே வேலை. நாற்பத்தாறு பேரில் ஏழு பேர் தப்பித்திருக்கிறார்கள். எப்படித் தப்பித்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நாமும் இதுவரை கேட்டதில்லை.

கேட்டவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இரண்டு மாதம் கழித்து நிதி வந்தது. அறுபது கருவி கேட்டதற்கு நாற்பதுதான் கொடுத்தார்கள். அதனால் முறை போட்டுக் கட்ட வேண்டியதாயிற்று. முதல் நாள் பாக்யலட்சுமி கருவியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத கட்டிக்கினா நான் எத்தினி தடவ எழுந்து போறேன்னு சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியாதுக்கா. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். கம்பெனிக்கு ஒரு எண்ணு கூடப் போவாது."

பாக்யலட்சுமி கருவியை அவளிடமே திருப்பி நீட்டினாள். "சரி, கட்டு."

மூன்று கம்பெனிகள், பதினான்கு மாதங்கள், 312 பெண்கள். அடிக்கடி எழுந்து நடப்பவர்களுக்கு வலி குறைவு என்று பதிவுகள் காட்டின. ஆனால் அவள் நினைத்த அளவுக்கு இல்லை. சவுரியம்மாளைப் போல எழுந்திருக்காமலே வலி இல்லாமல் இருந்தவர்கள் பதினோரு பேர். கருவி பதிந்த அவர்களுடைய அசைவு வரைகோடுகளைத் தனியாக எடுத்துத் திரையில் போட்டுப் பார்த்தாள். நேர்கோடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. சவுரியம்மாளின் கோடு முழுக்கச் சின்னச் சின்ன அலைகள், இடமும் வலமுமாக, நாள் முழுக்க. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்.

டேனியலைக் கூப்பிட்டுக் காட்டினாள். "கருவி லூசா கட்டியிருந்ததா?" என்றார் அவர். ஆனால் அந்த வாரத்தின் எல்லா நாள் பதிவிலும் அப்படியே இருந்தது.

மறுநாளே சவுரியம்மாளுக்குப் போன் போட்டு அவள் பதிவைப் பற்றிச் சொன்னாள்.

"நானா ஆடறேன்?" சவுரியம்மாள் நம்பவில்லை. பிறகு வெட்கத்தோடு சொன்னாள்: "மேடம், யாராண்டயும் சொல்லாதீங்க. வேலை செய்யும்போது உள்ளுக்குள்ள கோயில் பாட்டு பாடிக்கினே இருப்பேன். வாய் அசையாது. உடம்பு அசையுது போல."

பதினோரு பேரில் ஏழு பேரின் கோட்டில் அந்த அலை இருந்தது. அதைத்தான் அறிக்கையில் எழுதினாள். இது காரணமா, வெறும் உடன் நிகழ்வா என்று இந்த ஆய்வு சொல்லாது என்றும் சேர்த்தே எழுதினாள். மீதி நாலு பேர் நடக்கவும் இல்லை, ஆடவும் இல்லை, அவர்களுக்கு நோவும் இல்லை.

அந்த நாலு பேருக்கும் ஆய்வில் கொடுத்த அடையாள எண்கள் அவளுக்கு மனப்பாடம். டேனியல் அடுத்த நிதிக்கான அறிவிப்பை அனுப்பியிருந்தார். அதைத் திறக்குமுன் சுஹேல் அகமதுவை அழைத்து, அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி கிடைக்குமா என்று கேட்டாள்.