கால் பட்டை இல்லாத பிக்ஸட் கியரில் புன்னைக்காயல் வரை

பொங்கல் முடிந்த சனிக்கிழமை, தூத்துக்குடியிலிருந்து புன்னைக்காயல், காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாக நாசரேத் வரை சைக்கிளில் போனேன். சுற்றுப் பாதைதான், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் ஏறக்குறைய பாதித் தூரம்தான். ஆனால் இந்தப் பயணமே ஊர் போய்ச் சேருவதற்காக இல்லை. என் வண்டியை என்னால் நிறுத்த முடியும் என்று காட்டுவதற்காக.

என்னுடையது பிக்ஸட் கியர் வண்டி. தெரியாதவர்களுக்காக: சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானாக உருளும். இதில் அப்படி இல்லை. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், கூடவே உங்கள் காலும். வேகத்தைக் குறைக்க, பெடலை எதிர்த்து மிதிக்க வேண்டும். இதற்காகவே பெரும்பாலோர் பாதத்தைப் பட்டை போட்டுப் பெடலோடு கட்டிக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். போன வருடம் மாடிப்படியில் விழுந்து வலது கணுக்கால் உடைந்தது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். பாதத்தை எதிலும் பூட்டக் கூடாது, திருகி எடுக்கும்போது கணுக்கால் மறுபடி உடைந்துவிடும் என்றார் டாக்டர். வண்டியை விற்றுவிடு என்றார் வீட்டுக்காரர். நான் பட்டையைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு பிரேக் மாட்டினேன்.

பிரேக் இருந்தாலும் காலால் நிறுத்தப் பழக வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். துறைமுகச் சாலைப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் மூன்று மாதம், ஆபீஸ் போகும் முன் தினமும் பழகினேன். முறை இதுதான். பெடல்கள் இரண்டும் தரைக்குக் கிடையாக வரும் நேரத்தில் சீட்டை விட்டு எழுந்து, உடம்பை ஹேண்டில்பார் மேல் சாய்க்க வேண்டும். பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிடும். அதே நொடியில், பின்னாலிருந்து மேலே ஏறி வரும் பெடலை முழு எடையோடு அழுத்த வேண்டும். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். பட்டை இருந்தால் முன்கால் மேல்நோக்கி இழுத்து உதவும். இல்லாதபோது பின்கால்தான் எல்லாம். எனக்கு வலது கால் அதற்கு ஆகாது, இடது கால் பின்னால் வரும்போது மட்டும்தான் முடியும். சரியாக அழுத்தாவிட்டால் பாதம் வழுக்கி, பெடல் சுழன்று முழங்காலுக்குக் கீழே அடிக்கும். என் இரண்டு கால்களிலும் அந்தத் தழும்புகளை இன்றைக்கும் எண்ணலாம்.

கூட வந்தது ஜெபா, என் வீட்டுக்காரரின் தங்கை. நாசரேத்தில் டீச்சர். அண்ணியான என்னை ‘மைனி’ என்பாள். லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவள், ஊர் திரும்ப என் பழைய கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டாள். ஐந்தரைக்குக் கிளம்பினோம். முத்தையாபுரம் தாண்டினால் இரண்டு பக்கமும் உப்பளம். லாரியிலிருந்து சிந்திய உப்பு பனியில் நனைந்து ரோட்டு ஓரம் நசநசவென்று கிடந்தது. அதன் மேல் சறுக்கிப் பார்க்க ஆசைப்படாதீர்கள், வண்டி பக்கவாட்டில் போகும். வாடைக் காற்று முதுகில் தள்ளியதால் மிதிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் தள்ளும் காற்று நிறுத்தும்போது எதிரி. பழையகாயலில் இட்லி சாப்பிட்டோம். முக்காணிப் பாலத்தில் தாமிரபரணி நிறையத் தண்ணீரோடு போனது. பாலம் இறங்கி, ஆத்தூரில் டீக்கடைக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தபோது லீவர் பிடிமானமே இல்லாமல் தொளதொளவென்று கைக்கு வந்தது. கேபிள் அறுந்திருந்தது. உறைக்குள்ளே முழுக்கத் துரு. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இது சாதாரணம், நான்தான் பார்த்திருக்க வேண்டும்.

சைக்கிள் கடை பூட்டியிருந்தது. பொங்கல் கழிந்து திங்கட்கிழமைதான் திறப்பார் என்றார் டீக்கடை அண்ணாச்சி.

“மைனி, ஒரு லோடு ஆட்டோ பிடிச்சு ஏத்திருவோம்” என்றாள் ஜெபா.

“எதுக்கு? இதுக்குத்தானளா மூணு மாசம் பழகுனேன். புன்னைக்காயல் ரோடு மேடு பள்ளம் இல்லாத ரோடு. மெதுவாப் போவேன்.”

“அண்ணன்கிட்ட யாரு பதில் சொல்ல?”

“எனக்கு அவரு அண்ணன் இல்லளா, ஒனக்குத்தான். நீயே சொல்லு.”

அவள் சிரிக்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

உண்மையைச் சொன்னால், அந்த ஏழெட்டு கிலோமீட்டர் அருமையாக இருந்தது. வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, காலாலேயே வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரண்டு இடத்தில் ஆட்டு மந்தைக்கு முன்னால் சின்னதாகச் சறுக்கி நிறுத்தினேன். இரண்டு தடவையும் திரும்பி ஜெபாவைப் பார்த்தேன். பெருமைதான், வேறென்ன.

புன்னைக்காயல் ஊருக்குள் தெற்கே திரும்பியதும் காற்று மறுபடி முதுகுக்கு வந்தது. ஆற்றங்கரை ஓரத்துத் தெரு. இடது பக்கம், தண்ணீரிலிருந்து ஒரு பைபர் மீன்பிடி வள்ளத்தைப் பழுதுபார்க்கக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் பத்துப் பேர் நின்று இழுத்தார்கள். நான் வள்ளத்தைப் பார்த்தேன், ஆட்களையும் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில், தெருவின் குறுக்கே நெஞ்சு உயரத்தில் விறைத்து நின்ற நீலக் கயிற்றை மட்டும் பார்க்கவில்லை.

“மைனீ! கயிறு!”

பார்த்த நொடியில் என் வலது கால் பின்னால் இருந்தது. இடது கால் வர அரைச் சுற்று ஆகும். அந்த அரைச் சுற்றுக்குள் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் அழுத்தில் பாதம் வழுக்கியது, பெடல் வந்து கெண்டைக்காலில் அடித்தது. வழுக்கிய பாதத்தை மறுபடி பெடலில் பதித்து, அடுத்த சுற்றுக்குக் காத்திருந்து, வயிறு ஹேண்டில்பாரில் படும் அளவுக்குக் குனிந்து மிதித்தேன். டயர் கீச்சென்று கத்தியது. வண்டி நின்றபோது கயிற்றை நான் கையை நீட்டித் தொட்டிருக்கலாம்.

முன்னால் நின்று இழுத்த பெரியவர் என்னைப் பார்த்தார், கயிற்றை விடவில்லை. வள்ளம் மேட்டுக்கு வந்து, அடியில் கட்டை கொடுத்த பிறகுதான் வந்தார்.

“ஏம்மா, பிரேக்கு பிடிக்க மாட்டியளா?”

“பிரேக் அறுந்து போச்சு, அண்ணாச்சி. காலால நிப்பாட்டிருவேன்னு…”

“நீங்க வந்து மோதி, அந்த வேகத்துல நாங்க கயித்த விட்டிருந்தா, அங்கன வள்ளத்துக்குக் கீழ தாங்கிக்கிட்டு நின்னானுவள்ளா ரெண்டு பேரு, அவனுவ மேல வள்ளம் எறங்கியிருக்கும். தெரியுமா?”

எட்டிப் பார்த்தேன். அந்த இருவரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன நடக்க இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. விழுந்தால் என் கால், என் தகடு, என் தலை என்றுதான் மூன்று மாதமும் கணக்குப் போட்டிருந்தேன். அந்தக் கணக்கில் வேறு யாருமே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபம் குறையாமலே, “கால்ல ரத்தம் வருது, கழுவுங்க” என்று குழாயைக் காட்டினார்.

“மைனி, இப்பமாவது…” என்று ஜெபா ஆரம்பித்தாள்.

“ஆட்டோவக் கூப்பிடு” என்றேன்.

காயல்பட்டினத்துக்கு லோடு ஆட்டோ முந்நூறு ரூபாய் கேட்டது, கொடுத்தோம். அங்கே ஒரு சைக்கிள் கடை திறந்திருந்தது. இந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். கடைக்காரக் காக்கா புதுக் கேபிள் போட்டுவிட்டு, என் காலையும் பெடலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பட்டையும் மாட்டித் தரவாம்மா? அடி படாதுல்லா.”

“வேண்டாம் காக்கா. பிரேக் போதும். மத்தத நான் பழகிக்கிடுதேன்.”

திருச்செந்தூரைத் தாண்டி ஆளில்லாத ஒரு நீண்ட ரோட்டில், ஜெபாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, மறுபடி சறுக்கிப் பார்த்தேன். கெண்டைக்கால் விண்ணென்று வலித்தது. நான்காவது தடவை வண்டி நேர்கோட்டில் நின்றது. மாலை நான்கரைக்கு நாசரேத்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கிலிருந்து தெற்கே போங்கள், காற்று உதவும். உப்பளத்தை வெயிலுக்கு முன் கடந்துவிடுங்கள். பட்டை இல்லாமல் ஓட்டுவதென்றால் முள் வைத்த பெடலும் அடி சொரசொரப்பான ஷூவும் வேண்டும். பாதம் முழுதாக வெளியே வந்துவிட்டால் சுற்றும் பெடலைத் தேடாதீர்கள், இரண்டு காலையும் அகல விரித்துக்கொண்டு முன்பிரேக்கைப் பிடியுங்கள். அந்தப் பிரேக்கின் கேபிளைக் கிளம்பும் முன் உறையிலிருந்து உருவிப் பாருங்கள், உபரியாக ஒன்றைப் பையில் வையுங்கள். அறுந்துபோனால் இறங்கித் தள்ளுங்கள். உங்கள் காலை நீங்கள் நம்பலாம். ரோட்டில் நிற்பவர்களுக்கு அதை நம்ப வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.