கொல்லையில் கிடந்த ஆமை

எங்கள் மயிலாப்பூர் வீட்டில் ஆமையை உள்ளே விடமாட்டார்கள். குடும்பம் நொடித்துப்போகும் என்று பயம். அதனால் நான் வளர்த்த ஆமை கொல்லையில்தான் கிடந்தது. யுத்தம் நடந்த ஒரு வருஷம் மார்கழியிலும் மழை விடவில்லை. அதன் வைக்கோல் பெட்டி நனைந்தது, கொல்லையிலிருந்த வெந்நீர் அடுப்பும் பற்றவில்லை. ஆமை கீரையைத் தொடாமல் தலையை இழுத்துக்கொண்டது.

"சமையலறை மூலையிலே வெச்சுக்கறேன்மா" என்று மாமியாரிடம் கெஞ்சினேன். அதுவரை அவர் எதிரில் நான் வாய் திறந்ததில்லை.

"ஆமையும் நீயும் ஜோடியா அடுப்பாண்ட குளிர் காயப் போறேளா? ஆத்துக்குள்ளே அது வரப்படாது."

ஆமையை மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சாரல் அடித்தது.

"பித்துப் பிடிச்சிருக்கா? அதைப் போட்டுட்டு உள்ளே வாடி!" என்றார் மாமியார், கொல்லைப்படியில் நின்று.

ஓட்டின் சில்லிப்பு என் வயிற்றில் ஏறியது. என் சூடு அதற்கு ஏறினதா, தெரியவில்லை. அதன் காலை விரலால் தொட்டேன். தொட்டால் எப்போதும் இழுத்துக்கொள்ளும்; இப்போது இழுத்துக்கொள்ளவில்லை. மறுபடியும் தொட்டேன்.