வெட்டக் கொடுத்த புத்தகம்

பெம்பான் ஊரில் இருக்கும் என் போட்டோஸ்டாட் கடைக்கு ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் வருவார். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. கொண்டுவரும் புதுப் புத்தகத்தை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டுவார்.

"முதுக வெட்டிருங்க அண்ணே."

தாள்களைப் பிரித்தால்தான் சுலபமாக ஸ்கேன் செய்து, அவருடைய கைப்பேசி வாசித்துக் காட்டும் எழுத்தாக மாற்ற முடியும். ஆனாலும் புதுப் புத்தகத்தை வெட்ட எனக்கு மனசு வராது.

"காலேஜ்ல இத செஞ்சு குடுக்க மாட்டாங்களா தம்பி?"

"குடுத்தாங்க அண்ணே. பக்கத்தையெல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பினாங்க. போனு 'படம், படம்'னு மட்டும்தான் சொல்லுது. ஆபீஸ்ல போயி கேட்டா, 'கிளியராத்தான் இருக்குலா, பெருசு பண்ணிப் பாரு'ங்கிறாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ சிரித்தார். அடுத்து வரும் பார்வையற்ற பிள்ளைகளாவது அலையாமல் இருக்கட்டும் என்று, நான் மாற்றிக் கொடுத்த கோப்பைக் கல்லூரிக்கே அனுப்பப் போவதாகச் சொன்னார்.

அடுத்த செமஸ்டர் அவர் வந்ததும் அதைத்தான் கேட்டேன்.

"சந்தோஷமா வாங்கிக்கிட்டாங்க அண்ணே. பிரிண்ட் எடுத்து, பைண்ட் பண்ணி, லைப்ரரியில பத்திரமா வெச்சிருக்காங்களாம்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த புதுப் புத்தகத்தை முகர்ந்து என்னிடம் நீட்டினார். குரலில் துளிகூடக் கோபமில்லை. கோபத்தையெல்லாம் அவர் எங்கே வைத்துக்கொள்கிறார் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வெட்டும் எந்திரத்தின் கைப்பிடியை அன்று நான்தான் ஓங்கி இறக்கினேன்.