பூ தைத்த பின்னலும் ஒரே பிளேட்டும்

மறுநாள் என் மகனுக்கு மொட்டை. அதற்குள் அவனைப் பின்னலோடு ஒரு படம் எடுத்து, பஸ்ராவில் பட்டாளத்துக் குமாஸ்தாவாக இருந்த அவன் அப்பாவுக்கு அனுப்பியாக வேண்டும். பிள்ளை பிறக்கும் முன்பே கப்பல் ஏறிய மனிதர். மகன் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

எங்கள் வீடுகளில் முதல் முடி இறக்கும் முன் ஆண் குழந்தைக்கும் பின்னல் போட்டு, தாழம்பூவும் மல்லிகையும் தைத்துப் படம் எடுப்பார்கள். பின்னல் தெரிய முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி வைப்பது வழக்கம். காலையெல்லாம் பூ தைத்து, அவனைத் தூக்கிக்கொண்டு சாலைக்கடைத் தெரு ஸ்டூடியோவுக்குள் நுழையும்போது வானம் மூடிக்கொண்டு வந்தது. ஐப்பசி மாதம், எந்த நிமிஷமும் கொட்டலாம்.

"யுத்தம் அல்லே, படம் பிடிக்கிற பிளேட் வரல்லை. இது ஒண்ணுதான் பாக்கி," என்றார் ஸ்டூடியோக்காரர். நாஞ்சில் நாட்டு மனிதர். "வெளிச்சம் கம்மி. மூணு எண்ணுற வரை குட்டி அனங்கப்பிடாது, கேட்டேளா."

"ஆடாம நான் பாத்துக்கறேன். சீக்கிரம் எடுங்கோ!"

ஜன்னல் பக்கமாக அவனை நாற்காலியில் நிற்கவைத்து, முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியை நகர்த்தி வைத்தார். ஒரு கன்னம் வெளுத்து, மறு கன்னம் இருண்டிருந்தது. இருண்ட பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டியதும் முகம் முழுதும் தெளிந்தது. அவர் காமிராவின் மூடியைத் தொட்டபோது பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. கொஞ்சிப் பேசத் தெரியாத ஜன்மம் நான். வேட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "அழுதியோ, தோலை உரிச்சுடுவேன்!" என்று பல்லைக் கடித்தேன்.

"ஒண்ணு," என்றார். இரண்டு சொல்வதற்குள் அவன் என் பக்கம் திரும்பிவிட்டான்.

மூன்றாம் நாள் படம் கைக்கு வந்தது. பிள்ளையின் முகம் வெறும் கலங்கல். கண்ணாடியில் பாதிப் பின்னல். அதையொட்டி, அதே கண்ணாடிக்குள், பல்லைக் கடித்துக்கொண்டு, துல்லியமாக நான்.

"நான் குட்டியையில்லா பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் அவர். வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன? பிளேட்டும் இல்லை, முடியும் இல்லை. என் மேலேயே ஆத்திரமாக வந்தது. இருந்தாலும் அதைத்தான் அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பிள்ளை முகம் தெரியவில்லை என்று கோபித்திருப்பார் என நினைத்துக்கொண்டே பிரித்தேன்.

"எல்லாரும் சௌக்கியம் என்றுதானே இத்தனை நாளும் எழுதினாய்? இப்படி எலும்பும் தோலுமாகிவிட்டாயே" என்றிருந்தது.

வீட்டில் அத்தனை பேர் இருக்கும்போதே ஓவென்று அழுதேன்.