கட்டு மாறிய கம்பிகள்

சாலைக்கு அடியில் ஆறடி ஆழத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தே இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவர் அவர். எங்கே டெலிபோன் கேபிள் அறுந்தாலும் அங்கே ஒரு குழி இருக்கும், குழிக்குள் அவர் இருப்பார். ஆபீஸ் பதிவேட்டில் ஜாயிண்டர், அதாவது கம்பி இணைப்பவர் என்று போட்டிருக்கும். கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஜோடி அண்ணன். ஒரு வீட்டு டெலிபோனுக்கு இரண்டு கம்பி, இரண்டும் சேர்ந்தால் ஒரு ஜோடி. லட்சம் ஜோடி சேர்த்து வைத்த மனுஷனுக்குத் தன் ஜோடி கிடைக்க முப்பத்தெட்டு வயதாகிவிட்டது என்று அவர்கள் சலிக்காமல் கேலி செய்வார்கள். அவரும் சலிக்காமல் சிரிப்பார்.

கைபேசி எல்லார் சட்டைப் பையிலும் ஏறியிராத காலம் அது. வீட்டில் ஒரு டெலிபோன் இருந்தால் அதற்கு ஒரு மேஜை, மேஜைக்கு ஒரு விரிப்பு என்று ராஜ உபசாரம் நடக்கும். ஊருக்கெல்லாம் பேச்சுக்கு வழி செய்து கொடுத்தவருக்கு மட்டும் போனில் பேச வராது. "ம். சரி. வர்றேன். வச்சிடறேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் இழுத்தால் ரிசீவரை மனைவி கையில் திணித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவருடைய அக்கா வீட்டு டெலிபோனுக்கு நடந்த உபசாரம் வேறு தினுசு. ஒன்பது வயது மூத்தவள். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நாலு வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். பொருத்தமான சிறுநீரகம் கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். வந்த ஒரு மணி நேரத்துக்குள் சரி என்று பதில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். காத்திருக்க வைத்தால் கெட்டுப்போகிற பொருள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அதனால் அக்கா அந்த டெலிபோனைப் பச்சைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். தம்பியிடம் சொல்லி நீளமான வயர் போட்டுக்கொண்டாள். குளிக்கப் போனால் குளியலறை வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் போன். சொந்தக்காரர்கள் யாராவது நலம் விசாரிக்கக் கூப்பிட்டால், "நான் உயிரோடதான் இருக்கேன், லைனை விடு" என்று வைத்துவிடுவாள். இது தெரியாத ஒரு சித்தி கோபித்துக்கொண்டு ஆறு மாதமாகப் பேசவில்லை. "நல்லதாப் போச்சு, லைன் மிச்சம்" என்றாள் அக்கா. ஆஸ்பத்திரியில் இரண்டாவது நம்பர் கேட்டபோது தம்பி வீட்டு நம்பரைக் கொடுத்திருந்தாள். அவர் மனைவியும் வேலைக்குப் போகிறவள், பகலில் அங்கே சுவர்க்கடிகாரத்தைத் தவிர யாரும் இருப்பதில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குக் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிய இயந்திரம், டெலிபோன் கேபிளைக் கடித்துத் துப்பிவிட்டது. நூறு ஜோடிக் கேபிள். வேனை நிறுத்திய டிரைவர் எந்தெந்தத் தெரு போயிற்று என்று தாளைப் பார்த்து வாசித்தான். நாலாவதாக அக்கா வீட்டுத் தெரு.

கருவிப் பையை எடுக்கப்போன அவர் நின்றார். "இன்னொரு தடவை படி," என்றார்.

"அதேதாண்ணே. தெரு என்ன படிக்கப் படிக்க மாறவா போகுது?"

அவர் குழிக்குள் இறங்கினார்.

கேபிளுக்குள் நூறு ஜோடியும் கலந்து கிடக்காது. இருபது இருபதாக ஐந்து கட்டு. ஒவ்வொரு கட்டுக்குள்ளும் அதே இருபது நிறக் கம்பிகள்தான். எது எந்தக் கட்டு என்று தெரிவதற்குக் கட்டைச் சுற்றி ஒரு நிற நாடா கட்டியிருக்கும். வீடுகள் பக்கத்து முனையில் ஐந்து நாடாவும் பத்திரமாக இருந்தன. எக்ஸ்சேஞ்ச் பக்கத்து முனையில் இயந்திரத்தின் பல் இரண்டு நாடாக்களைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மூணாம் கட்டும் அஞ்சாம் கட்டும் பெயரில்லாமல் சேற்றில் தொங்கின. அக்கா வீடு மூணாம் கட்டில்.

வேலைக்கு ஒரு முறை உண்டு. ஒன்றாம் கட்டில் தீயணைப்பு நிலையமும் பிரசவ ஆஸ்பத்திரியும் இருந்ததால் அதைத்தான் முதலில் இணைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் முதல் ஜோடியைச் சேர்த்தவுடன் டெஸ்ட் போனைக் கம்பியில் கவ்வவிட்டு எக்ஸ்சேஞ்சின் டெஸ்ட் ரூமைக் கூப்பிட வேண்டும். அங்கே இருக்கிற மேடம் அது எந்த நம்பர் என்று பார்த்துச் சொல்வாள். சரியாக இருந்தால் மீதிப் பத்தொன்பதைத் தொடலாம். இதைப் புதிதாக வருகிற ஆட்களுக்கு அவரே கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தவர்.

அன்றைக்கு அவர் கை நேரே மூணாம் கட்டுக்குப் போயிற்று. எந்த வரிசையில் கட்டினாலும் அதே நூறு ஜோடிதானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டார். எக்ஸ்சேஞ்ச் பக்கம் பெயரில்லாமல் தொங்கிய இரண்டில், மேலே இருந்ததுதான் மூணு என்று தோன்றியது. அக்கா வீட்டு ஜோடியின் நிறம் வெள்ளையும் பழுப்பும். அதைச் சேர்த்து டெஸ்ட் போனை மாட்டினார். டயல் டோன் கணீரென்று கேட்டது. அடுத்த நிமிஷமே, "ஹலோ, ஹலோ, உயிர் வந்துடுச்சா?" என்று அக்காவின் குரல். ரிசீவரை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"வந்துடுச்சுக்கா. நான்தான் கீழ குழியில இருக்கேன். வச்சிடு."

"முதல்ல எனக்கா போட்டே?"

"வச்சிடுக்கா!"

ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் டயல் டோன். வேறென்ன வேண்டும்? டெஸ்ட் ரூமைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால், ஒன்றாம் கட்டு என்னவாயிற்று, மூணு ஏன் முதலில் என்று மேடம் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பயந்து, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த ஒரு போனைச் செய்யாமல் விட்டார். டயல் டோன் யார் நம்பரிலும் ஒரே மாதிரிதான் பாடும். அது அவருக்குத் தெரியாததா? ஆனால் பயந்தவன் காதுக்கு வேண்டியதுதான் கேட்கும்.

மூணாம் கட்டை முடித்துவிட்டு ஒன்று, இரண்டு, நாலு என்று முறைப்படி டெஸ்ட் ரூமைக் கேட்டுக் கேட்டு முடித்தார். மிச்சம் இருந்தது அஞ்சுதானே, அதில் என்ன சரிபார்ப்பது? "மூணும் அஞ்சும் நானே பாத்துட்டேன் மேடம்," என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். ஜோடி அண்ணன் சொன்னதால் டிக் போட்டாள். மணி பன்னிரண்டு.

உண்மையில் மேலே தொங்கியதுதான் அஞ்சாம் கட்டு. மூணாம் கட்டு வீடுகளின் நம்பர் அஞ்சாம் கட்டு வீடுகளிலும், அஞ்சின் நம்பர் மூணிலும் அடித்துக்கொண்டிருந்தன.

கேபிளுக்கு மேல் உறை போட்டுச் சுற்ற வேண்டியதுதான் பாக்கி. உறையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கம்பியில் மாட்டியிருந்த டெஸ்ட் போன் அடித்தது. மேடம்தான்.

"அண்ணே, ஒரு தச்சுப் பட்டறைக்காரர் கம்ப்ளெயிண்ட் குடுத்திருக்கார். மதியத்துல இருந்து வேற யாருக்கோ வர்ற போனெல்லாம் அவருக்கு வருதாம். உங்க அஞ்சாம் கட்டுதான்."

"எங்கேயிருந்து?"

"ஏதோ ஆஸ்பத்திரியாம். ரெண்டு தடவை. மொத தடவை பன்னெண்டு இருபதுக்காம். கிட்னின்னு என்னவோ சொல்லுச்சாம் அந்தப் பொண்ணு. இவர் மரம் அறுக்குற மெஷினை நிறுத்தாம ராங் நம்பர்னு வச்சிட்டாராம்."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பதினேழு. மூன்று நிமிஷம் இருந்தது.

"மேடம், லைனை விடுங்க."

ஆஸ்பத்திரி நம்பர் அவருக்கு மனப்பாடம். அவசரத்தில் முதல் தடவை தப்பாகப் போட்டார். இரண்டாவது தடவை மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஆபரேட்டர் எடுத்து, எந்தப் பிரிவு என்று கேட்டு, "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதன் பிறகு சங்கீதம். இந்தச் சங்கீதத்தைக் கண்டுபிடித்தவனை ஒருநாள் குழிக்குள் உட்கார வைத்து அதையே கேட்க வைக்க வேண்டும். ஒன்று இருபது ஆயிற்று. சங்கீதம் நின்றது, லைன் செத்துவிட்டது என்று பதறினார், மறுபடியும் ஆரம்பித்தது. ஒன்று இருபத்து மூன்று. மேலேயிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "என்னாச்சுண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துக் கிடக்கு?" என்றான். கையை மட்டும் ஆட்டினார்.

ஒன்று இருபத்தாறுக்கு ஒரு பெண் எடுத்தாள். அவர் அக்காவின் பதிவு எண்ணைச் சொன்னார்.

"ஒண்ணு இருபது வரைக்கும் பாத்தோம் சார். அடுத்தவங்களைக் கூப்பிட்டாச்சு. அவங்க சரின்னு சொல்லிட்டாங்க."

"ஆறு நிமிஷம்தானேம்மா."

"ஆறு நிமிஷம்தான் சார். அவங்க கிளம்பிட்டாங்க. இனிமே போய் வராதீங்கன்னு சொல்ல முடியுமா?"

முடியாது. அவருக்கும் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. குழியின் மண்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

அந்தப் பெண் விடவில்லை. "சார், ஒரு விஷயம். குடுத்த நம்பர்ல வேற யாரோ எடுக்கிறாங்க. இன்னொரு நம்பர்ல ஆளே இல்ல. நம்பர் தப்புன்னு எழுதினா ஃபைலைத் தனியா எடுத்து வச்சிடுவாங்க. மறுபடி பதிஞ்சு வரிசையில கடைசியிலதான் நிக்கணும். என்ன காரணம்னு எழுதட்டும்?"

"நம்பர் சரிதாம்மா. லைனைத் தப்பாக் கட்டினது நான். அவ தம்பி. டெலிபோன் ஜாயிண்டர்."

அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்படின்னு உங்க ஆபீஸ்ல இருந்து எழுதி வாங்கிட்டு வாங்க சார். அவங்க இடம் போகாம நான் பாத்துக்கறேன்," என்றாள்.

டெஸ்ட் ரூமைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். வரிசை மாற்றியதை, கேட்காமல் விட்டதை, கேட்டபோது பொய் சொன்னதை. மேடம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, இணைப்புல தண்ணி புகுந்துடுச்சுன்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது? உங்க அக்கா இடமும் போகாது, உங்க வேலைக்கும் ஆபத்தில்ல."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அவரும் யோசிக்காமல் இல்லை. காலடியில் நிஜமாகவே கணுக்கால் தண்ணீர் நின்றது. ஒரு வார்த்தை, காரியம் முடிந்தது. அக்காவுக்கும் அதையே சொல்லிவிடலாம், அவளும் இயந்திரக்காரனைத் திட்டித் தீர்த்துவிட்டுச் சும்மா இருப்பாள்.

"வேணாம் மேடம். நடந்ததை எழுதுங்க. தண்ணி மேல பழியைப் போட்டுட்டு அவ முகத்துல முழிக்க என்னால ஆகாது."

முதலில் அக்காவின் ஜோடியைப் பிரித்துச் சரியான இடத்தில் சேர்த்தார். இந்தத் தடவை மேடம் நம்பரைப் பார்த்துச் சொல்லும்வரை காத்திருந்தார். பிறகு வேறொரு ஜோடியில் டெஸ்ட் போனை மாட்டி அக்கா வீட்டைக் கூப்பிட்டார்.

முதல் மணி முழுசாக அடிக்கவில்லை. "சொல்லுங்க! நான் ரெடியா இருக்கேன், பை கட்டியாச்சு," என்றாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் எடுக்கிறாள் போலிருக்கிறது. இரண்டு வருஷமாக இப்படித்தான்.

"அக்கா, நான்தான்."

"நீயா? வச்சிடு, லைன் வேணும்."

"வைக்காதே. ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிட்டாங்க."

"எப்போ?"

"பன்னெண்டு இருபதுக்கு."

"நான் பக்கத்துலயேதானேடா இருந்தேன்? எழுந்துகூடப் போகலையே. அடிக்கவே இல்லையே?"

"உனக்கு அடிக்கலக்கா. உன் லைனை நான் மாத்திக் கட்டிட்டேன். உனக்குச் சீக்கிரம் குடுக்கணும்னு அவசரப்பட்டு, சரிபார்க்காம விட்டுட்டேன். உனக்கு வந்தது வேற வீட்ல போய் அடிச்சிருக்கு. அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்க."

போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன் அவ்வளவையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நின்றார். சாலையில் ஒரு லாரி போயிற்று, குழியின் விளிம்பிலிருந்து மண் உதிர்ந்தது. அக்கா வைத்துவிடவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"என்னை மன்னிச்சிடுக்கா."

"மன்னிக்கிறதா? இரு, அவ்வளவு சுலபமா விட்டுடுவேனா?" அவள் குரல் உடைந்தது. பிறகு கோபம் வந்து அதைத் தூக்கி நிறுத்தியது. "நாலு வருஷமா அந்த மெஷின் பக்கத்துல படுத்துக் கிடக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உள்ள வந்திருக்கியா? வாசல்லயே நின்னு டூட்டின்னு ஓடிடுவே. நாளைக்கு வர்றே. நாலு மணி நேரமும் என் கண்ணு முன்னாடி உட்கார்றே. ரத்தம் வெளிய போறதையும் திரும்ப உள்ள வர்றதையும் பாக்குறே. அதுக்கப்புறம் மன்னிக்கிறதா வேணாமான்னு சொல்றேன்."

ரத்தத்தைப் பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். அது அவளுக்கும் தெரியும்.

"வர்றேன்க்கா," என்றார். "எத்தனை மணிக்கு?"

நாலு வருஷமாக, வாரத்துக்கு மூன்று நாள். தம்பிக்கு நேரம் தெரியவில்லை.

"ஆறரைக்கு," என்றாள் அக்கா.